பாய் விரிக்கும் முன்: எந்த யோகா யாருக்கு?

முக்கூடல் அத்தைக்கு 58 வயது. முப்பது வருசமாகப் பீடி சுற்றுகிறார். வீட்டு முன்பக்கத் தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளவை (முறத்தை) வைத்தாரென்றால் கை ஓடிக்கொண்டே இருக்கும். இலையில் தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, அடுத்த இலை. தலை குனிந்தது குனிந்தபடி. எனக்கு 46. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அக்கா மகளுக்கு 20, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் பரீட்சை நெருங்கினால் தூக்கம் போய்விடும், நெஞ்சு படபடக்கும்.

நாங்கள் மூன்று பேரும் யோகா கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது, ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும் என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் எங்கே நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, காலையா மாலையா என்று விசாரித்ததோடு சரி. என்ன முறை என்று கேட்கத் தோன்றவே இல்லை. அதைக் கேட்காமல் போனதில் எனக்கு மூன்று மாதம் தோள்வலி.

நான் போய்ச் சேர்ந்தது வேகமாக ஓடும் வகுப்பு. ஒரு மூச்சுக்கு ஓர் அசைவு. கையூன்றி உடம்பைத் தரைவரை தாழ்த்தி, மார்பை நிமிர்த்தி, இடுப்பை உயர்த்தி, மறுபடி முதலிலிருந்து. இரண்டு பக்கமும் கல்லூரிப் பையன்கள். ஆறாவது நாள் வலது தோளில் சுருக்கென்றது. சொல்லிக்கொடுத்தவர், "பழகிடும் சார், விட்டுராதீங்க" என்றார். பழகவில்லை. சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் நின்றேன். அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வருசமாக மேசைமேல் குனிந்தே கிடந்த தோளுக்கு முதல் வாரத்திலேயே அத்தனை பாரம் ஏற்றியதுதான் தப்பு.

அப்புறம் நான்கைந்து இடங்களில் உட்கார்ந்து பார்த்தேன், அத்தையையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். எந்த முறை உயர்ந்தது என்று கேட்டுப் பயனில்லை. நாள் முழுக்க உங்கள் உடம்பு எந்த நிலையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, ராத்திரி படுத்தால் மனசு என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள். முறை அதற்கு அப்புறம்.

இரண்டு வேர்கள்

இன்றைக்கு வகுப்புகளில் நாம் பார்க்கிற ஆசன முறைகளில் பெரும்பாலானவை இரண்டு ஆசிரியர்களிடமிருந்து கிளைத்தவை. ஒருவர் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சார்யா (1888–1989). அஷ்டாங்க வின்யாசத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் (1915–2009), பி.கே.எஸ். அய்யங்கார் (1918–2014) இருவருமே அவரிடம் படித்தவர்கள். ஒரே குருவிடம் படித்தும் ஒருவர் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் நிலையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணமாச்சார்யா பிற்காலத்தில் சென்னையில் குடியேறினார். ஆளைப் பார்த்துத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதில் அங்கே அவர் உறுதியாக இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இன்றும் அந்த வழியில்தான் போகிறது.

இன்னொருவர் நம்ம ஊர்க்காரர். சேரன்மகாதேவி பக்கத்துப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்த குப்புசாமி. மருத்துவம் படித்து, மலாயாவுக்குப் போய் பத்து வருசம் வைத்தியம் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு ஏற்றுச் சுவாமி சிவானந்தர் ஆனார். தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936-இல் அவர் நிறுவினார். பத்தமடை என்றதும் எல்லாருக்கும் பாய்தான் ஞாபகம் வரும். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, துணிபோல மடிக்கிற பட்டுப்பாயாக நெய்து தருகிற ஊர். அந்த ஊர்ப் பிள்ளையின் சீடர்கள்தான் கனடாவிலும் ஜெர்மனியிலும் போய்ப் பாய் விரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இந்த இரண்டு வேரிலும் சேராமல் தமிழ்நாட்டிலேயே வளர்ந்தது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஓடுகிற யோகா

அஷ்டாங்க வின்யாசத்தில் ஆசனங்களின் வரிசை மாறவே மாறாது. முதல் வரிசைக்கு யோக சிகிச்சை என்று பெயர். தொண்டையில் மெல்லிய ஓசை வர மூச்சு விடுவது, ஒவ்வோர் ஆசனத்திலும் பார்வையை ஓரிடத்தில் நிறுத்துவது, அடிவயிற்றை இழுத்துப் பிடிப்பது என்று எல்லாம் சேர்ந்து நடக்கும். வியர்வை கொட்டும். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, சனிக்கிழமை ஓய்வு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளும் அதுதான், அந்த வகையில் நமக்குப் பழகின கணக்கு. அமாவாசையும் பௌர்ணமியும்கூட விடுமுறை.

பலமும் வளைவும் மூச்சு வலுவும் சேர்ந்து வேண்டுமென்றால் இதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. மனசுக்கும் ஒரு நன்மை உண்டு. அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டாம், வரிசை தெரியும், மூச்சுச் சத்தம் மட்டும் காதில் கேட்கும். உட்கார்ந்து தியானம் செய் என்றால் நெளிகிற இளம்பிள்ளைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். மணிக்கட்டு, தோள், முட்டியில் வலி உள்ளவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களுக்கும் தொடங்குகிற இடம் இது இல்லை.

நாற்பதுக்கு மேல் இதில் இறங்க ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் ஆசிரியரின் எண்ணிக்கைக்கு ஒன்றாகச் செய்கிற வகுப்பா, அவரவர் வேகத்தில் செய்ய ஆசிரியர் சுற்றிவந்து திருத்துகிற மைசூர் முறை வகுப்பா? இரண்டாவது கிடைத்தால் போங்கள். நான் சேர்ந்தது முதலாவது.

பவர் யோகா, வின்யாசா ஃப்ளோ என்று போர்டில் இருந்தால் பெரும்பாலும் இதே குடும்பம்தான். அறையை 40 டிகிரிக்குச் சூடாக்கி 26 ஆசனங்கள் செய்கிற ஹாட் யோகா என்று ஒன்றும் இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் வெளியே நிற்கவே முடியாத ஊரில் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சுவரும் நாற்காலியும்

அய்யங்கார் திடமான உடம்போடு யோகாவுக்கு வந்தவர் இல்லை. சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று மாறி மாறிப் படுத்தவர். அதனாலோ என்னவோ, முடியாத உடம்புக்கும் ஆசனம் கிடைக்க வேண்டும் என்று யோசித்தார். சுவர், நாற்காலி, பெல்ட், மரக்கட்டை, தலையணை என்று பலவற்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். வேகம் கிடையாது. ஒரே நிலையில் நிற்கவைத்துப் பாதத்தின் வெளிவிளிம்பு, முட்டிச்சில்லு, தோள்பட்டை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வார்கள்.

அத்தையை இந்த வகுப்புக்குக் கூப்பிட்டபோது, "எய்யா, இந்த வயசுல என்னைய குட்டிக்கரணமா அடிக்கச் சொல்லுத?" என்றார். பாளையங்கோட்டையில் அந்த முறையைக் கற்றுத்தந்தவர் பணி ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. அவர் ஆசனம் எதையும் சொல்லவில்லை. "நீங்க பீடி சுத்துற மாதிரி உக்காந்து காட்டுங்கம்மா" என்றார். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து வெறும் கையை ஓட்டிக் காட்டினார். சொளவு இல்லை, இலை இல்லை, இருந்தும் தோள் இரண்டும் தானாகவே காதுப் பக்கம் ஏறின, கழுத்து முன்னால் நீண்டது, முதுகு வளைந்தது. டீச்சர் அந்தத் தோளில் லேசாகக் கைவைத்து, "இது கீழ எறங்குற வரைக்கும் நமக்கு வேற பாடம் கெடையாது" என்றார்.

பாடமும் அப்படித்தான் நடந்தது. சுவருக்கு எதிரே நின்று இடுப்பு உயரத்தில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, கால்களைப் பின்னால் நகர்த்தி, முதுகு மேசைப்பலகை போல நேராகிற வரை இடுப்பை மடக்குவது. அதே நிலையில் ஐந்து மூச்சு. நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து முதுகுச்சாய்வைப் பிடித்துத் திரும்புவது. பழைய பருத்திச் சேலையை முறுக்கி இரண்டு கையிலும் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்துவது. கடைசியில் தரையில் படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து வைப்பது. பெல்ட்டும் மரக்கட்டையும் விலைக்கு வாங்கவில்லை. சேலையும், துணி சுற்றிய இரண்டு செங்கலும் போதுமானதாக இருந்தன. அத்தை வீட்டுத் தார்சாச் சுவரில் பொங்கலுக்கு அடித்த வெள்ளையில், இடுப்பு உயரத்தில், இரண்டு உள்ளங்கைத் தடம் இன்றும் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் கழுத்துப் பிடிப்பு நன்றாக விட்டது. ராத்திரி ஒருக்களித்துப் படுக்க முடிகிறது என்றார். முட்டிவலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது கொஞ்சம் குறைந்ததோடு நிற்கிறது. தோளை இறக்கக் கற்றுக்கொண்டதில், பீடி சுற்றும்போதே தான் குனிவதைத் தானே கவனித்து நிமிர்கிறார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த முறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முதுகுவலிக்கு யோகா என்பது வெறும் நம்பிக்கை இல்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தை எடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்து அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே வருசம் 320 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பன்னிரண்டு வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறையாத பலன் தந்தது. அதில் கற்றுத்தந்தது மென்மையான, படிப்படியான பயிற்சி என்பதையும் கவனிக்க வேண்டும்.

அய்யங்கார் முறையிலும் குறை உண்டு. சிலருக்கு அலுத்துவிடும். மூச்சுப்பயிற்சியும் தியானமும் தாமதமாகத்தான் வரும். போன அன்றைக்கே மனசு அமைதியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

பத்தமடைக்காரர் வழி

சிவானந்தர் முறையை உலகமெங்கும் ஒரு பாடத்திட்டமாகக் கொண்டுபோனவர் அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். 1957-இல் மேல்நாட்டுக்குக் கிளம்பினார். ஒன்றரை மணி நேர வகுப்பு. தொடக்கத்தில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனம். பிறகு மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதி, அனுலோம விலோமம் என்னும் மாற்று நாசி மூச்சு. அடுத்து சூரிய நமஸ்காரம், சிரசாசனத்தில் தொடங்கித் திரிகோணாசனம் வரை பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள். நடுநடுவே ஓய்வு. கடைசியில் நீண்ட சவாசனம்.

அக்கா மகளுக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ஓய்வுதான். ஓர் ஆசனத்தைப் பிடிப்பது, விடுவது, விட்டபின் உடம்பு என்ன செய்கிறது என்று படுத்துக் கவனிப்பது. "மாமா, பிடிக்கும்போது ஒண்ணும் தெரியல. விட்டப்புறம்தான் எவ்வளவு இறுக்கமா இருந்தேன்னு தெரியுது" என்றாள். பரீட்சைப் பயம் உள்ள பிள்ளைக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். இறுக்கம் என்பது எப்படி இருக்கும் என்று அடையாளம் தெரிந்தால்தானே அதை விட முடியும்?

மூச்சிலும் காரணம் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு லேசாகக் கூடும், விடும்போது குறையும். விடும் மூச்சை நீட்டினால் உடம்பை அமைதிப்படுத்துகிற வேகஸ் நரம்பின் பிடி கூடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு என்கிற அளவுக்கு மெதுவாக்கினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. முழுப் பயிற்சியில் நான்கு எண்ணி இழுத்து, பதினாறு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி விடுவார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நிறுத்துவது வேண்டாம். நான்கு இழு, எட்டு விடு. அவள் தேர்வு அறை வாசலில் நின்று செய்வதும் இவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டில் முதல் ஆசனமே தலைகீழாக நிற்பது. கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்கள், கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் நன்றாகவே ஏறும். "நான் இதைச் செய்யவில்லை" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் மாற்று தருகிற ஆசிரியராக இருக்க வேண்டும்.

சிவானந்தரின் இன்னொரு சீடர், பீகாரில் முங்கேரில் பள்ளி நிறுவிய சுவாமி சத்யானந்தர், யோக நித்திரையை வடிவமைத்தார். பாயில் படுத்துக் கண்ணை மூடி, குரல் சொல்லச் சொல்ல வலது கைப் பெருவிரலில் தொடங்கி உடம்பு முழுக்க நினைப்பைக் கொண்டுபோவது. அரைமணி நேரம். தூக்கம் வராதவர்களுக்கும், உடம்பு அலுத்து ஆசனம் முடியாத நாளிலும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். இதற்கு நம்ம கோரைப்பாயை விடச் சிறந்த விரிப்பு கிடையாது. கோடையிலும் முதுகு சூடாகாது. ஆனால் கோரைப்பாயில் நின்று கையூன்றுகிற ஆசனம் செய்யாதீர்கள், மொசைக் தரையில் பாய் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிற்கும் ஆசனங்களுக்கு வெறுந்தரையோ ரப்பர் விரிப்போ போதும்.

மனவளக்கலை

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி (1911–2006). உலக சமுதாய சேவா சங்கத்தை 1958-இல் தொடங்கினார். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமில்லை என்பதை வைத்தே எளியமுறை உடற்பயிற்சியை அமைத்தார். கை, கால், மூச்சு, கண், கபாலபாதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒன்பது வகை. அதோடு தவம் என்கிற தியானமும், காயகல்பப் பயிற்சியும், தன்னைத்தானே ஆராய்கிற அகத்தாய்வும் உண்டு. மன்றங்கள் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கின்றன, பாடம் முழுக்கத் தமிழில்.

உடற்பயிற்சிப் பகுதி மென்மையானது. மூட்டுகள் இளகும், விறைப்பு குறையும். தசைக்கு வலுவேற்றவோ, அத்தைக்கு நடந்ததுபோல ஒரு குறிப்பிட்ட வளைவைத் திருத்தவோ அது போதாது. கபாலபாதியை இதய நோய், கூடுதல் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் விட்டுவிட வேண்டும்.

மனவளக்கலையின் பலம் மனசுப் பக்கம். அகத்தாய்வில் எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாக எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். யார்மேல் கோபம், எதற்காக, எத்தனை நாளாக. மார்ச் மாதம் வருசக் கணக்கு முடிக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போய் எரிந்து விழுவது என் வழக்கம். எழுதிப் பார்த்தபோது, கோபம் வீட்டில் யார்மேலும் இல்லை, பகலில் சரியாகச் சேராத இரண்டு பேரேட்டின்மேல் என்று தெரிந்தது. வேறு எந்த முறையிலும் யாரும் என்னை உட்காரவைத்து இதை எழுதச் சொன்னதில்லை.

நாங்கள் எடுத்த முடிவு

வலியைச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றால் அய்யங்கார் வழி. தூக்கம், படபடப்பு என்றால் சிவானந்தர் வழியும் யோக நித்திரையும். கோபம், கவலை, வீட்டில் சண்டை என்றால் மனவளக்கலை. உடம்பு நன்றாக இருந்து, வயசும் இருந்து, வேர்த்து விறுவிறுக்க வேண்டும் என்றால் அஷ்டாங்கம். இரண்டைச் சேர்ப்பதில் தப்பில்லை, ஆனால் முதல் மூன்று மாதம் ஒன்றே போதும். முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், "பழகிடும்" என்று வலியைத் தள்ளுகிற ஆசிரியரிடம் இருக்காதீர்கள். உங்கள் மருந்து மாத்திரைகளைப் பற்றி முதல் நாளே கேட்கிறாரா என்று பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலிருந்து இருக்கிறது. மூட்டுவலிக்கு அங்கே காட்டிவிட்டுத்தான் அத்தையை நாங்கள் வகுப்புக்கே அழைத்துப் போனோம்.

அத்தை பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி டீச்சரிடம் வந்து போகிறார். மற்ற நாட்களில் சொளவை எடுக்கும் முன் சுவரோடு கால்மணி நேரம், அப்புறம் மணிக்கொரு தடவை எழுந்து நிற்பது. நான் வாரத்தில் மூன்று நாள் அதே டீச்சரிடம் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை தவத்துக்கு மன்றம். வலது தோள் முழுசாகக் குணமாகிவிட்டது.

அக்கா மகள் விடிகாலையில் சிவானந்தர் முறைப்படி செய்கிறாள். பரீட்சை முடிந்ததும் அஷ்டாங்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். செய்யட்டும், அவளுக்கு வயசும் இருக்கிறது, தோளும் நன்றாக இருக்கிறது. முதல் வாரம் ஐந்து சூரிய நமஸ்காரத்தோடு நிறுத்திக்கொள், எங்கேயாவது சுருக்கென்றால் அன்றைக்கே சொல் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.